ஆசிரியரின் இரண்டாவது பிரியம்

தென் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், பனந்தோப்பை ஒட்டி, ஓடு வேய்ந்த நான்கு கட்டடங்களும் ஒரு சிற்றாலயமும் மட்டுமே உடைமையாகக் கொண்டிருந்த சிறிய கிறிஸ்தவக் கல்லூரியில் நான் பயின்ற நாளில், எங்களுக்குப் பௌதிகம் கற்பித்த ஆசிரியர் சனிக்கிழமைப் பிற்பகல்களில் சிற்றாலயத்தின் தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, மறுநாள் ஆராதனைக்கு வேண்டிய பழைய ஆர்மோனியத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அதன் பித்தளை நாக்குகளை ஒவ்வொன்றாகச் சுருதி கூட்டிக்கொண்டிருப்பார். வேடிக்கை பார்க்கப் போன எங்களை அவர் விரட்டவில்லை. நாக்கின் நுனியை மெல்லிய அரத்தால் ஓர் இழை சுரண்டினால் சுருதி ஏறும் என்றும், அடிப்பாகத்தைச் சுரண்டினால் இறங்கும் என்றும் செய்து காட்டினார். ஏறத்தாழ ஒரே சுருதியுள்ள இரண்டு நாக்குகளை ஒருசேர ஒலிக்கவிட்டு, "தம்பி, விம்முது பாரு, எண்ணு" என்று தம் கைக்கடிகாரத்தை எங்களில் ஒருவன் கையில் கொடுத்தார். அரம் படப்பட அந்த விம்மல் தளர்ந்து, இடைவெளி நீண்டு, கடைசியில் இரண்டு ஒலிகளும் ஒரே கோடாக நின்ற கணத்தில் அவர் முகத்தில் தோன்றிய சந்தோஷத்தை நான் இன்றும் மறக்கவில்லை. சில மாதங்கள் கழித்துப் பாடப்புத்தகத்தில் 'விம்மல்கள்' என்னும் அத்தியாயம் வந்தபோது எங்களுக்கு அது புதிதாகத் தோன்றவில்லை. காதால் முன்னமே கேட்டு முடித்த ஒன்றைக் கண்ணால் வாசித்தோம்.

அவரிடம் நான் கற்ற சூத்திரங்களில் பாதி மறந்துபோயிற்று. ஆனால் ஒரு மனிதர் தம் ஜீவனத்துக்குரிய சாஸ்திரம் ஒன்றும், தம் மனத்துக்குரிய பிரியம் ஒன்றுமாக இரண்டு விளக்குகளை ஏற்றி வைத்திருக்க முடியும் என்பதும், ஒன்றின் வெளிச்சத்தில் மற்றொன்று துலங்கும் என்பதும் அவரைப் பார்த்து நான் அறிந்துகொண்டவை. ஒரு கல்லூரியின் ஐசுவரியம் அதன் கட்டடங்களிலும் தேர்ச்சி விகிதத்திலும் இருப்பதாகப் பேசுகிறோம். அதன் ஆசிரியர்கள் எங்கெங்கிருந்து வந்தார்கள், எந்தெந்த விஷயங்களில் சொந்த ஆசை வைத்திருக்கிறார்கள் என்பதில்தான் அது இருக்கிறது என்பது என் திடமான அபிப்பிராயம். நம் தமிழ் நிலத்துச் சிறிய கிறிஸ்தவக் கல்லூரிகளின் சரித்திரத்தைப் புரட்டுகிறவர்களுக்கு இது நன்கு விளங்கும்.

யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனார் 1823-இல் ஒரு செமினரியைத் தொடங்கினார்கள். அதன் முதல் அதிபர் டானியல் பூவர். அவருக்குப் பின் அப்பொறுப்பை ஏற்ற ஹென்றி ஹொய்சிங்டன் என்பவர் சைவ சித்தாந்தத்தை மறுக்கவும், பஞ்சாங்கக் கணிதத்தின் மேல் ஜனங்களுக்கிருந்த பக்தியைக் கலைக்கவும் வேண்டிய ஸ்தானத்தில் இருந்தவர். ஆனால் மறுப்பதற்காகக் கையில் எடுத்த நூல்களே அவரை ஆட்கொண்டுவிட்டன என்று சொல்லும்படி, இந்து வான சாஸ்திரத்தின் கணித முறையை முழுமையாகக் கற்று, விரிவான குறிப்புகளோடு 1848-இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். உடல்நலம் குன்றித் தாயகம் திரும்பிய பிறகும் தமிழை விட்டுவிடாமல், தத்துவக் கட்டளை, சிவஞானபோதம், சிவப்பிரகாசம் ஆகிய மூன்றையும் மொழிபெயர்த்து, அமெரிக்கக் கீழ்த்திசைச் சங்கத்தின் சஞ்சிகையில் 1854-இல் அச்சேற்றினார். சிவஞானபோதம் மேலை நாட்டு அறிஞர்களின் கைக்குப் போய்ச் சேர்ந்த முதற்பாதைகளில் ஒன்று, அதை நிராகரிக்க வேண்டிய உத்தியோகத்தில் இருந்த ஒரு பாதிரியார் இட்ட பாதை.

அந்தச் செமினரியில் பயின்றும் கற்பித்தும் வளர்ந்த நம்மவர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். அங்கே விடுதியில் தங்கிப் படித்த பிள்ளைகளின் செலவை ஏற்ற அமெரிக்கத் தர்மவான்களின் பெயர்களே அப்பிள்ளைகளுக்குச் சூட்டப்பட்டன. கறல், நெவின்ஸ், ஆர்னல்ட் என்று நம் தமிழ்ப் பெயர்களுக்கு முன்னே வந்து உட்கார்ந்த அந்நிய நாமங்கள் அவ்வாறு வந்தவையே. ஒரு பிள்ளையின் பெயரை மாற்றி எழுதும் உரிமை எவருக்கும் உண்டென்று நான் ஒப்பவில்லை. ஆயினும் அந்தப் பெயர்களைச் சுமந்தவர்கள் தங்கள் ஆசைகளை எவரிடமும் இரவல் வாங்கவில்லை. கறல் விசுவநாதபிள்ளை கணிதம் கற்பித்தார். 'வீசகணிதம்' என்று அட்சர கணிதத்தைத் தமிழிலே எழுதி 1855-இல் வெளியிட்டார். நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை மேலைத் தர்க்கத்தை 'நியாய இலக்கணம்' என்ற பெயரில் தமிழாக்கினார். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை தமிழ்ப் புலவர்களின் வரலாறுகளைத் தேடித் தொகுத்துப் 'பாவலர் சரித்திர தீபகம்' செய்தார். மாணாக்கராக இருந்து வளர்ந்த ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் என்னும் இருவர் 1841-இல் 'உதயதாரகை'ப் பத்திரிகையின் ஆசிரியர்களாக அமர்ந்தார்கள். கணிதமும் தர்க்கமும் புலவர் சரிதமும் பத்திரிகைத் தொழிலும் ஒரே முற்றத்தில் உலாவின. 1848-இல் அதைப் பார்வையிட்ட இலங்கை அரசின் காரியதரிசி எமர்சன் டெனன்ட், ஐரோப்பிய சர்வகலாசாலைகள் பலவற்றோடு ஒப்பவைக்கத் தக்கது என்று அதை மதிப்பிட்டார்.

இப்படிப்பட்ட முற்றத்திலிருந்து என்ன மாணவர் வருவார்? சென்னைச் சர்வகலாசாலை முதன்முதல் பி.ஏ. பட்டம் அளித்த 1857-ஆம் ஆண்டில் தேறியவர்கள் இருவர். ஒருவர் மேலே சொன்ன விசுவநாதபிள்ளை. மற்றவர் அதே வட்டுக்கோட்டையில் பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளை. தாமோதரம்பிள்ளை கணக்கு இலாகாவில் உத்தியோகம் பார்த்தார், சட்டம் படித்தார், புதுக்கோட்டையில் நியாயாதிபதியாகவும் அமர்ந்தார். அவருடைய ஜீவனோபாயம் இவ்வளவே. செல்லரித்து உதிர்ந்துகொண்டிருந்த ஏடுகளைத் தேடி எடுத்துத் தொல்காப்பியத்தையும் 1887-இல் கலித்தொகையையும் அச்சிட்டதெல்லாம் அவருடைய இரண்டாவது பிரியம். உத்தியோகத்துக்கு வெளியே ஒரு காரியத்துக்கு ஆயுளைக் கொடுக்கலாம் என்று அவருக்கு எந்தப் பாடப்புத்தகம் போதித்திருக்கும்? அவ்விதம் வாழ்ந்தவர்களின் நடுவே அவர் வளர்ந்தார் என்பதே எனக்குத் தோன்றும் விடை.

அந்தச் செமினரி 1855-இல் மூடப்பட்டது. பாஸ்டனிலிருந்து வந்த மிஷன் செயலாளர் ரூபஸ் ஆண்டர்சன், ஆங்கிலம் கற்ற பிள்ளைகள் சர்க்கார் உத்தியோகத்துக்குப் போய்விடுகிறார்கள், தமிழிலேயே பயின்று கிராமங்களில் ஊழியம் செய்பவர்களுக்குத்தான் பணத்தைச் செலவிட வேண்டும் என்ற கொள்கையோடு வந்தார். அவருடைய கணக்கின்படி அதில் பிழை இல்லை. தாம் எதற்காக நிறுவினோமோ அதை நிறுவனம் நிறைவேற்றுகிறதா என்று அவர் கேட்டார், இல்லை என்று விடை வந்தது, கதவு சாத்தப்பட்டது. முப்பத்திரண்டு வருஷத்தில் விளைந்த மற்றதெல்லாம் அவருடைய பேரேட்டில் எந்தப் பத்தியிலும் ஏறவில்லை. 1872-இல் யாழ்ப்பாணக் கல்லூரி என்ற பெயரில் அவ்விடத்தில் மீண்டும் விளக்கேற்றியவர்கள் பெரும்பாலும் அந்தப் பழைய மாணவர்களே என்பதை நான் இங்கே குறிப்பிடாமல் இருக்க இயலாது.

சென்னைக்கு வருவோம். இன்று கிறிஸ்தவக் கல்லூரி பெரிய ஸ்தாபனம். ஆனால் அதிபர் வில்லியம் மில்லர் காலத்தில், ஆசிரியர் அனைவரும் ஒருவரையொருவர் நன்கறிந்த அளவிலேயே அது இருந்தது. மில்லர் ஸ்காட்லாந்துக் குருவானவர். ஷேக்ஸ்பியரில் தீராத மோகம் உடையவர். லியர் மன்னனின் கதையை இந்திய அரசியலோடு பொருத்திப் பார்த்து ஒரு நூலே எழுதினார். அவரிடம் பயின்று, தத்துவத்திலும் தமிழிலும் முதன்மையாகத் தேறிய வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியார் என்ற இளைஞர், தத்துவ ஆசிரியராகப் போகக்கூடிய யோக்கியதை இருந்தும் தமிழாசிரியர் பதவியையே விரும்பி ஏற்றார். அக்காலத்தில் தமிழாசிரியருக்குச் சம்பளமும் குறைவு, மதிப்பும் குறைவு. வைதிக பிராமணக் குடும்பத்தில் பிறந்த ஒருவர், கிறிஸ்தவக் கல்லூரியில் இருந்துகொண்டு, தம் வடமொழிப் பெயரையே பரிதிமாற் கலைஞர் என்று தமிழாக்கிக்கொண்டு, ஆங்கிலத்துப் பதினான்கடிப் பாவை முன்மாதிரியாக வைத்துத் 'தனிப்பாசுரத் தொகை' பாடினார், ஜி. யு. போப் அதை ஆங்கிலத்தில் பெயர்த்தார். வகுப்பு முடிந்த பிறகு தமிழில் ஆர்வமுள்ள மாணவர்களைத் தம் வீட்டுக்கு வரவழைத்து, ஊதியம் எதுவுமின்றிப் பாடம் சொன்னார். அவர்களுக்கு 'இயற்றமிழ் மாணவர்' என்று பெயரும் வைத்தார். 1903-இல் தம் முப்பத்துமூன்றாம் வயதில் அவர் காலமானார்.

அதே கல்லூரியில் சில ஆண்டுகளுக்குப் பின் தத்துவம் கற்பித்த ஆல்பிரட் ஜார்ஜ் ஹாக், கர்மக் கோட்பாட்டை ஏளனம் செய்யாமல் எதிரே உட்காரவைத்து வாதம் புரிந்தவர். அந்த வாதத்துக்குப் பதில் தேடும் நிர்ப்பந்தம் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் என்ற மாணவருக்கு நேர்ந்தது. வேதாந்தத்தின் அறநெறியைப் பற்றி அவர் எழுதிய எம்.ஏ. வியாசம் 1908-இல் வெளிவந்தது.

இவர்கள் எல்லாரையும்விட என் மனத்தை அதிகமாகக் கவர்ந்தவர் எட்வர்ட் பார்ன்ஸ். அவர் ரசாயனப் பேராசிரியர். தாவர சாஸ்திரம் அவருடைய தொழில் அன்று. ஆனால் விடுமுறைகளில் மேற்குத் தொடர்ச்சி மலைகளில் ஏறி, காசித்தும்பை இனத்துச் செடிகளையும், படமெடுத்த பாம்பைப் போலப் பூக்கும் அரிசீமா என்னும் செடிகளையும் தேடித் திரிந்தார். தொழில் முறைத் தாவரவியலார்கள் அறியாதிருந்த சில இனங்களை அவர் கண்டு விவரித்தார். கிளியைக் குறிக்கும் லத்தீன் சொல்லால் அவர் பெயரிட்ட ஓர் அரிசீமாவின் பின்னே, சாஸ்திர மரபுப்படி அவருடைய பெயர் இன்றைக்கும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. 1937-இல் கல்லூரி ஜார்ஜ் டவுனின் நெரிசலை விட்டுத் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தபோது, சேலையூர்க் காட்டைச் சேர்ந்த பரந்த முட்புதர் நிலத்தை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. பார்ன்ஸும் அவர் மனைவி ஆலிஸும் அந்தக் காட்டைப் பேணவும், வெறுமையான இடங்களில் மரம் வைக்கவும் முன்னின்றார்கள். பார்ன்ஸ் 1941-இல் இறந்துவிட்டார். தாம்பரம் ரயில் நிலையத்தில் இறங்கி, வாகன இரைச்சலைக் கடந்து, அந்தக் கல்லூரியின் வாசலுக்குள் பத்தடி வைத்தவுடன் காற்றே மாறுவதை உணர்ந்தவர்கள் பல்லாயிரவர். புள்ளிமான் மேயும் அந்த நிழலை ஒரு ரசாயன வாத்தியாரின் விடுமுறை ஆசையும் சேர்ந்து காத்துத் தந்தது என்பதை அவர்களில் சிலரே அறிவார்கள்.

லயோலாக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் சார்லஸ் ரசீன் பாதிரியாரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் போகலாகாது. பாரிஸில் எலீ கார்த்தானிடம் ஆராய்ச்சி செய்தவர். 1937-இல் இந்தியா வந்து, முதலில் திருச்சி புனித வளனார் கல்லூரியிலும் பின்னர் சென்னையிலும் கற்பித்தார். பாடத்திட்டம் பழைய கேம்பிரிட்ஜ் வழியில் போய்க்கொண்டிருந்தபோது, பாடத்திட்டத்தில் இல்லாத புதிய பிரெஞ்சுக் கணிதத்தைத் தம் மாணவர்களுக்கு அறிமுகம் செய்தார். அவரிடம் பயின்ற எம். எஸ். நரசிம்மனும் சி. எஸ். சேஷாத்ரியும் அவர் காட்டிய வழியில் பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனார்கள். 1965-இல் வெளியான நரசிம்மன்–சேஷாத்ரி தேற்றம் உலகக் கணிதத்தின் நிலையான சொத்துகளில் ஒன்றாயிற்று. பரீட்சைக்கு வராததைச் சொல்லிக்கொடுத்த ஆசிரியரின் பலன் இது.

இதற்கு ஒரு ஆட்சேபம் கூறப்படும் என்பதை நான் அறிவேன். அது நியாயமான ஆட்சேபம். வெள்ளைக்காரப் பாதிரிமார்களுக்கு ஓய்வு இருந்தது, பங்களா இருந்தது, ஏவலாட்கள் இருந்தார்கள், அயல்நாட்டிலிருந்து பணம் வந்தது; அவர்கள் மலையேறிப் பூப்பறித்ததை, சுயநிதிப் பிரிவில் சொற்பச் சம்பளத்துக்கு உழைத்து, மாலையில் தனிப்பயிற்சி வகுப்பெடுத்துக் குடும்பம் நடத்தும் இன்றைய ஆசிரியருக்கு உபதேசமாகச் சொல்வது தர்மமா என்று கேட்பார்கள். ஓய்வு இல்லாதவனிடம் பிரியம் எங்கே முளைக்கும் என்ற கேள்வியை நான் அலட்சியம் செய்யவில்லை. சம்பளத்தைச் சரியாகக் கொடுங்கள் என்பதே என் முதல் கோரிக்கை. அது நிறைவேறாமல் மற்றவற்றைப் பேசுவது பாவம். எனினும் விசுவநாதபிள்ளைக்குப் பங்களா இல்லை. பரிதிமாற் கலைஞருக்கு ஆயுளே இல்லை. அவர்களுக்கு இருந்ததெல்லாம், தங்கள் ஆசையை அநாவசியம் என்று எவரும் கணக்கெழுதாத ஒரு சூழல்.

அந்தச் சூழல்தான் இப்போது போய்க்கொண்டிருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2010-இல் வகுத்த விதிகள் ஆசிரியரின் பணியைப் புள்ளிகளாக அளக்கத் தொடங்கின. 2018-இல் அவ்விதிகள் திருத்தப்பட்டாலும், எண்ணிப் பார்க்கும் மனப்பான்மை கல்லூரிகளில் வேரூன்றிவிட்டது. கட்டுரை எத்தனை, கருத்தரங்கு எத்தனை, சான்றிதழ் எத்தனை என்ற கேள்விகளுக்கு விடை சேகரிப்பதிலேயே ஆசிரியரின் மாலைப்பொழுது கரைகிறது. தரமதிப்பீட்டுக்கான 'நாக்' குழு வருகிறது என்றால் ஒரு பருவம் முழுவதும் கோப்புகள் தயாரிப்பதிலேயே கழிகிறது.

சென்ற ஆண்டு ஒரு சிறிய கல்லூரிக்கு உரையாற்றப் போயிருந்தேன். அதன் பெயர் வேண்டாம். அங்கே வணிகவியல் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் தம் அறையின் பீரோவிலிருந்து துணியில் சுற்றிய ஓலைக் கட்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். அவர் பாட்டனார் ஊர்க் கணக்குப்பிள்ளை. மா என்றால் இருபதில் ஒன்று, காணி என்றால் எண்பதில் ஒன்று, முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒன்று என்று ஓலையின் மேல் விரலை நகர்த்தி அவர் வாசித்துக்கொண்டே போனார். ஒரு வயலின் விளைச்சல் குடிவாரமாகவும் மேல்வாரமாகவும் பிரிந்து, அதிலிருந்து கோயிலுக்கும் வண்ணாருக்கும் நாவிதருக்கும் பங்கு போய், கடைசி முந்திரி வரை நேராகிற அழகை அவர் சொன்ன விதத்தில், வரவு செலவுக் கணக்கு என்பது ஒரு கிராமத்தின் ஜீவ சரித்திரமாக எனக்குத் தெரிந்தது. "ஸ்டூடன்ஸுக்கு இதைக் காட்டுவீங்களா சார்?" என்று கேட்டேன். "எங்க சார் நேரம்? இதுக்கு பாயிண்டும் கிடையாது. ஹெச்.ஓ.டி. கூட, இதை எந்த காலத்துல போடுறதுன்னு கேட்டாங்க" என்றார். அவர் மீண்டும் துணியைச் சுற்றி முடிச்சுப் போட்ட கைகளைப் பார்த்தபோது, வட்டுக்கோட்டைப் பேரேட்டை மூடியவரின் கைகள் என் நினைவுக்கு வந்தன.

சிறிய கல்லூரிகளுக்கு இதில் ஒரு தனிப் பொறுப்பும் தனி வசதியும் உண்டு. பெரிய சர்வகலாசாலையில் ரசாயனமும் தாவரமும் வேறு வேறு கட்டடங்களில், வேறு வேறு சாம்ராஜ்யங்களாக இருக்கும். சிறிய கல்லூரியில் எல்லா ஆசிரியர்களும் ஒரே அறையில் தேநீர் குடிக்கிறார்கள். ஓலைக் கணக்கு வாசிக்கும் வணிகவியலாரும், கல்வெட்டில் ஆசையுள்ள கணித ஆசிரியரும் அங்கே ஒருவர்மேல் ஒருவர் இடறி விழாமல் இருக்க முடியாது. திருச்சபைகளின் கையிலுள்ள கல்லூரிகளுக்கோ, மேலே நான் சொன்ன பெரியோர்களின் பாரம்பரியமும் இருக்கிறது. சபைக்கு வேண்டியவர் யார், சாதிக்கு வேண்டியவர் யார், சிபாரிசு யாருடையது என்று பார்த்து ஆசிரியரை நியமிக்கும் நிர்வாகங்கள் அந்தப் பாரம்பரியத்துக்குத் துரோகம் செய்கின்றன; இதை மறைத்துச் சொல்வதால் நன்மை இல்லை.

ஆகவே கல்லூரி நிர்வாகக் குழுக்களில் அமர்ந்திருக்கும் ஆயர்களையும் அதிபர்களையும் செயலர்களையும் நான் வணக்கத்துடன் வேண்டிக்கொள்வது இது. வரும் கல்வியாண்டின் நேர்காணலில், பட்டங்களையும் கட்டுரைகளையும் பார்த்து முடித்த பிறகு, எதிரே உட்கார்ந்திருப்பவரிடம், "உங்கள் பாடம் தவிர வேறு எதன்மேல் உங்களுக்கு ஆசை?" என்று ஒரு கேள்வி கேளுங்கள், அவர் பேசத் தொடங்கினால் இடைமறிக்காமல் கால் மணி நேரம் கேளுங்கள். நியமித்த பிறகு, வாரத்தில் ஒரு பிற்பகலை எந்தக் கோப்பும் கூட்டமும் இல்லாமல் அவருக்கு விட்டுக்கொடுங்கள். அந்தப் பிற்பகலில் அவர் கதவு திறந்திருக்கட்டும். மாணவர்கள் தாமாகவே வந்து எட்டிப் பார்ப்பார்கள்.